மூன்று மூலையும் பாதிச் சுற்றும்

மார்ச் 16, செவ்வாய்

மலாயா ஜப்பான் கைக்குப் போனதிலிருந்து ஆபீஸ் தாளில் ஜப்பான் வருஷம் 2603 என்று எழுத வேண்டும். இது என் நோட்டு, இங்கே 1943தான். மணிக் கணக்கும் இப்போது இரண்டு விதம். ஜப்பான் மணிக்கு எட்டாகும்போது நம் கோழிக்கு இன்னும் கூவலாமா வேண்டாமா என்ற யோசனை. பிள்ளைகள் இருட்டில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள்.

நான் வாத்தியாராகி ஏழு வாரம். அதற்கு முன்னால் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் நிறுத்துக்கொண்டிருந்தேன். பழைய வாத்தியார் ஜனவரியில் மலேரியாவில் போய்ச் சேர்ந்தார். என் மனைவி ரமணியின் அண்ணன் பழனியாண்டி மச்சான் இந்தத் தோட்டத்தின் பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கெல்லாம் அவர் கையில். அந்த இடத்தில் என் பெயரை எழுதிவிட்டார். ஜப்பான்காரன் சயாமில் போடுகிற ரயில் பாதை வேலைக்கு வாத்தியார்களைப் பிடிப்பதில்லை, அவ்வளவுதான் காரணம். நான் படித்தது ஏழாம் வகுப்பு. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

இன்று சுங்கைப்பட்டாணி ஆபீஸிலிருந்து கடிதம். ஜூனில் சோதனைக்கு வருவார்களாம். நிப்பொங்கோவில், அதாவது ஜப்பான் மொழியில், பாட்டு ஒன்று, பெரிய வகுப்புக்குக் கேத்திரகணிதத்தில் ஒன்று காட்ட வேண்டும். எதைக் காட்டுவது என்றும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்: முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம். தேறாத பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்களாம். மூடினால் வாத்தியாரும் பதின்மூன்று வயதான பிள்ளைகளும் ஆள் பட்டியலில் சேர்வார்கள்.

பட்டியல் என்றால் சயாம். ஆனால் மரவள்ளி நடச் சொல்லுகிறவர்களுக்கு முக்கோணம் எதற்கு?

மார்ச் 18

பழைய வாத்தியார் பெட்டியில் ஒரு புத்தகம் கிடைத்தது. கேத்திரகணிதப் பக்கங்களில் பாதியைக் கரையான் தின்றிருக்கிறது. “ஆகவே நிரூபிக்கப்பட்டது” என்ற கடைசி வரி மட்டும் முழுசாக இருக்கிறது.

மார்ச் 23, செவ்வாய்

பலகையில் முக்கோணம் போட்டு, தேற்றத்தை எழுதி, சேர்ந்து சொல்லச் சொன்னேன். பெரிய வகுப்பு எட்டுப் பேரும் ராகம் போட்டுச் சொன்னார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு பிரேமாவதி எழுந்தாள். பன்னிரண்டு வயது, எலும்பும் தோலுமாக இருப்பாள், கேள்வி மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டவள் போல வரும். யார் கூட்டிப் பார்த்தார்கள் என்று கேட்டாள். பெரியவர்கள் என்றேன். எல்லா முக்கோணத்தையுமா என்றாள்.

உட்கார் என்றேன். வேறென்ன சொல்ல?

மார்ச் 30

சரி, நாமே கூட்டிப் பார்த்துவிடலாம் என்று கோணமானியை எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்கே ஒன்றுதான், அதிலும் ஒரு முனை உடைந்தது. ஆளுக்கொரு முக்கோணம் சிலேட்டில் போட்டு அளந்தார்கள். 178. 183. 181. 176. இருளப்பனுக்கு மட்டும் சரியாக 180 வந்தது. எப்படி என்று கேட்டால், இரண்டை அளந்தேன், மூன்றாவதுக்கு மிச்சத்தை எழுதிவிட்டேன் என்கிறான். பெரிய வகுப்பிலேயே அவன்தான் பெரியவன். இரண்டு மாதத்துக்கு முன்தான் பதின்மூன்று முடிந்தது, பார்த்தால் பதினாறு சொல்லலாம். அவன் செய்த வேலையைத்தான் நானும் செய்திருப்பேன், அதனால் அடிக்கவில்லை.

பிரேமாவதி சிலேட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, இதில் எது நிஜம் சார் என்றாள். எல்லாம் ஏறத்தாழ 180 என்றேன். அப்படியானால் தேற்றம் ஏறத்தாழ உண்மையா?

எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. கோணமானி தப்பா, கை தப்பா, தேற்றமே தப்பா?

ஏப்ரல் 6

இன்று சயாமுக்கு ஆள் ஏற்ற லாரி வந்தது. நாற்பத்திரண்டு பேர். இருளப்பனின் அப்பா அம்மாசியும் போனார். மூன்று மாதம் என்கிறார்கள். போன லாரிக்கும் மூன்று மாதம் என்றுதான் சொன்னார்கள்.

ஏப்ரல் 14, புதன்

சித்திரை ஒன்று. பாயசம் இல்லை. ரமணி மரவள்ளியைத் துருவி வேகவைத்து, இது இனிக்குது என்று நினைத்துச் சாப்பிடுங்கள் என்றாள். நினைத்தேன். இனிக்கவில்லை. அவளுக்கு நாலாம் மாதம். தண்ணீர் தூக்காதே என்றால் கேட்பதில்லை.

ஏப்ரல் 21

ஒரு யோசனை வந்தது. முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நேர்கோடு வர வேண்டும் அல்லவா? கிழிக்கத் தாள் இல்லை. ஆனால் தோட்டத்தில் ரப்பருக்கா பஞ்சம்? ஸ்டோரில் மெஷினில் இருந்து வந்த ஈர ஷீட் ஒன்றைக் கேட்டு வாங்கி, பால் வெட்டும் கத்தியால் எட்டு முக்கோணம் வெட்டினேன். நாளைக்குக் காய்ந்திருக்கும் என்று ஸ்டோர் மூங்கிலிலேயே தொங்கவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 22

எத்தனை வருஷம் ஸ்டோரில் வேலை பார்த்தவன் நான்! ஈர ஷீட்டைத் தொங்கவிட்டால் தன் கனத்திலேயே இழுபடும் என்று எனக்குத் தெரியாதா? எட்டும் இழுபட்டு, பக்கமெல்லாம் வில்லாக வளைந்து, சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஆகிவிட்டன. வகுப்புக்கு வேறு தூக்கிக்கொண்டு போய்விட்டேன். மூலைகளை வெட்டிச் சேர்த்தார்கள். ஒன்றில்கூட நேர்கோடு வரவில்லை. ஒன்றில் மூன்று மூலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது.

இருளப்பன் எனக்கு ஆறுதல் சொன்னான். தேற்றம் சரிதானாம், ரப்பருக்குத்தான் ஒத்துவராதாம். மற்றவர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். பிரேமாவதி ஒப்புக்கொள்ளவில்லை. நானும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோடு நேராக இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறதா? அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது.

ஏப்ரல் 30

சோதனைக்கு இன்னும் ஐந்து வாரம். நிப்பொங்கோ பாட்டில் இரண்டாம் அடி எனக்கே வருவதில்லை. முக்கோணமாவது வர வேண்டும்.

மே 9, ஞாயிறு

இன்று நடந்ததை நாளைக்கு மறந்துவிடுவேன், அதனால் அப்படியே எழுதிவைக்கிறேன்.

தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் குச்சியால் பெரிதாக ஒரு முக்கோணம் கீறி வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். ரமணி தண்ணீர் கொண்டுவந்து வாளிகளை இறக்கிவிட்டு, வாளிகளை மாட்டித் தோளில் தூக்குகிற காண்டா கம்பை என் கோட்டின் மேலேயே போட்டுவிட்டு உள்ளே போனாள். அந்தக் கம்பின் ஒரு முனையில் துணி சுற்றியிருக்கும், அந்தப் பக்கம்தான் அவள் தோளுக்குப் பழக்கம். கம்பு என் கோட்டை மறைத்தது. எடுத்து வைக்கச் சோம்பல். மூலையில் ஒரு முனையைக் காலால் அமுக்கிக்கொண்டு மறுமுனையைத் தள்ளினேன். அடுத்த கோட்டின் மேல் போய்ப் படுத்தது. அதையும் மறைக்கிறதே என்று கோட்டோடு கோடாக நகர்த்தி, அடுத்த மூலையிலும் அப்படியே திருப்பினேன். மூன்றாவது மூலையிலும் திருப்பியதும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ரமணி வெளியே வந்து கம்பைப் பார்த்துவிட்டுக் கோபித்துக்கொண்டாள். “ஏங்க, நான் வச்ச கம்ப எதுக்குத் தலைகீழா மாத்திப் போட்டீங்க?”

நான் மாற்றவே இல்லை என்றேன். தூக்கக்கூட இல்லை. துணி சுற்றிய முனை வாசல் பக்கம் இருந்தது, இப்போது கிணற்றுப் பக்கம் இருக்கிறது. பொய் சொல்கிறேன் என்று நினைத்து அவள் கம்பை எடுக்கப் போனாள். இரு இரு என்று பறித்து, மறுபடியும் வைத்து, மூன்று மூலையிலும் மெல்லத் திருப்பினேன். மறுபடியும் தலைகீழ். பாதிச் சுற்று. பாதிச் சுற்று என்றால் இரண்டு செங்கோணம்!

முக்கோணத்தை அழித்து, ஒல்லியாக ஒன்று போட்டேன். தலைகீழ். குண்டாக ஒன்று. தலைகீழ். பக்கத்து வீட்டு ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ரமணி தலையில் அடித்துக்கொண்டு, வாத்தியாருக்கு முத்திவிட்டது என்றாள்.

மே 11, செவ்வாய்

வகுப்பை ரப்பர் மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். எந்த மூன்று மரம் வேண்டுமோ நீங்களே எடுங்கள் என்று சொல்லி, மரத்துக்கு மரம் கயிறு கட்டினோம். இருளப்பன் கம்பைப் பிடித்தான். முக்கோணத்துக்கு உள்பக்கமாகத்தான் திருப்ப வேண்டும், கயிற்றைத் தாண்டக்கூடாது என்பது மட்டும்தான் சட்டம். கம்பு எந்தப் பக்கம் தலை வைத்து நிற்கும் என்று முதலில் பந்தயம். எல்லோரும் தோற்றார்கள். இரண்டாவது முக்கோணத்தில் பாதிப் பேர் தோற்றார்கள். மூன்றாவதில் யாரும் தோற்கவில்லை. சின்ன வகுப்பும் ஓடி வந்துவிட்டது.

பிரேமாவதி பந்தயத்தில் சேரவில்லை. நானே போய்க் கேட்டேன், இதுவும் ஏறத்தாழதானே, 178ஆகக் கூட இருக்கலாமே என்று. எனக்கு அந்தச் சந்தேகம் இருந்தது.

“இல்ல சார். ரெண்டு டிகிரி கொறஞ்சாலும் கம்பு மொதக் கயித்து மேல படுக்காது. படுக்குதே. அப்ப கரெக்டா பாதிதான்.”

நான் இரண்டு மாதம் தேடியது அதுதான். சரியென்று தலையாட்டிவிட்டு, மூக்குச் சிந்துகிற மாதிரி மரத்துக்குப் பின்னால் போனேன்.

ஜூன் 8, செவ்வாய்

வந்தார்கள். ஒரு ஜப்பான் அதிகாரி, ஒரு மொழிபெயர்ப்பாளர். மொழிபெயர்ப்பாளர் சுங்கைப்பட்டாணியில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன் அலி. பாட்டில் நான் இரண்டாம் அடிக்குப் பதில் மூன்றாம் அடியை எடுத்துவிட்டேன், பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பாடினார்கள். அதிகாரியின் முகம் கடுகடுத்தது. நம் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

மரத்தடிக்குப் போனோம். மூன்று மரத்தை அதிகாரியே காட்டினார். இருளப்பன் திருப்பிக் காட்டினான். அதிகாரி கிட்டே வந்து, கம்பைத் தானே வாங்கித் திருப்பிப் பார்த்தார். இரண்டாவது மூலையில் கயிற்றுக்கு வெளியே திருப்பிவிட்டார். கம்பு எங்கேயோ பார்த்து நின்றது. சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். இந்த இருளப்பன் இருக்கிறானே, நேரே போய், ஜப்பான்காரன் கையைப் பிடித்து, கம்பை உள்பக்கமாக நகர்த்தி வைத்தான்!

அதிகாரி மிச்சத்தைத் திருப்பினார். தலைகீழ். கொஞ்ச நேரம் கம்பையே பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். இருளப்பனிடம் பெயரும் வயதும் கேட்கச் சொன்னார். பதிமூன்று என்று இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான். அலி எழுதிக்கொண்டார். என்னிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். போகும்போது அலி என் காதருகே வந்து, தேறிட்டீங்க அண்ணே, ஆனா ரொம்ப நல்லாத் தேறிட்டீங்க என்றார். சிரிக்காமல் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம்?

ஜூன் 9

சாப்பிட்டேன். தூங்கினேன். எழுந்து மறுபடி சாப்பிட்டேன், மரவள்ளிதான் என்றாலும்.

ஜூலை 1, வியாழன்

இப்போது தெரிகிறது, முக்கோணம் எதற்கென்று.

பூர்த்தி செய்து கொடுக்க ஒரு பாரம் வந்திருக்கிறது. சயாம் ரயில் பாதையில் நிலம் அளக்கிற கூட்டத்துக்குக் கோணம் தெரிந்தவர்கள் வேண்டுமாம். தேறிய ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒருவர். “ஆசிரியர், அல்லது பதின்மூன்று வயது முடிந்த மாணவர்.” பெயர், வயது, தொழில். கீழே என் கையெழுத்து. திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பள்ளிக்கூடம் மூடப்படும்.

தேறவில்லை என்றால் சயாம். தேறினாலும் சயாம். நான் எதற்காக அந்தக் கம்பைத் திருப்பினேன்?

பதின்மூன்று முடிந்த மாணவன் என் வகுப்பில் ஒருவன்தான்.

ஜூலை 2

பழனியாண்டி மச்சான் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். பாரத்தைப் படித்துவிட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். அளவு வேலை என்றால் மண் வெட்டுவது இல்லை, கொடி பிடிக்கிற வேலை. பையன் பலசாலி. என் மனைவிக்கு ஏழாம் மாதம். அவர் சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது, ஒன்றையும் மறுக்க முடியவில்லை.

“பையன் பேரை எழுது மாப்பிள்ளை. அவன் அப்பன் அங்கதான் இருக்கான். போய்ப் பார்த்துக்கட்டும்.”

அம்மாசியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. போன நாற்பத்திரண்டு பேரில் யாரிடமிருந்தும் இல்லை. அதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 3

தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இருளப்பன் வகுப்பு முடிந்து நின்றான். தன் பெயரை எழுதச் சொல்கிறான். அப்பாவை எப்படியாவது கண்டுபிடித்துவிடுவானாம். சயாம் எவ்வளவு பெரிது என்று தெரியுமா என்றேன். எல்லைப் பக்கத்துப் பாலிங் ஊரைத் தாண்டினால் சயாம்தானே சார் என்றான்.

அவன் ஆசைப்பட்டுக் கேட்கிறான். நான் வற்புறுத்தவில்லை. பாரமும் அனுமதிக்கிறது. எழுதினால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அவன் அம்மாகூடச் சொல்ல மாட்டாள், அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சீ, இதையெல்லாம் கணக்குப் பண்ணிப் பார்த்திருக்கிறேன், பார்.

ஜூலை 4, ஞாயிறு

ரமணியிடம் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“என்னைக் கேக்காதீங்க. நான் எதைச் சொன்னாலும் எனக்காகச் சொன்னதாத்தான் இருக்கும்.”

என்னதான் பண்றது? யாராவது சொல்லக் கூடாதா? நான் வாத்தியாரே இல்லையே, பால் நிறுக்கிறவன். பெரிய கிராணி மச்சான்னு ஒருத்தர் இல்லாட்டி ஏப்ரல் லாரியில நான்தான் போயிருப்பேன், நாற்பத்து மூணாவது ஆளா. உயிருக்குப் பயந்துதானே இந்த நாற்காலியில உட்கார்ந்தேன்? அப்படிப்பட்டவன் இன்னிக்கு மட்டும் எதுக்கு யோசிக்கணும்? பயந்தவன் பயந்தவனாவே இருந்துட்டுப் போகலாமே. பொறக்கப் போற பிள்ளைக்கு அப்பா வேணாமா? அம்மாசி பிள்ளைக்கு? அவனுக்கு இருந்த அப்பாவும் — முடியலை.

ஜூலை 5, திங்கள்

பாரத்தைக் கொடுத்துவிட்டேன். எழுதுகிற நிமிஷம் வரைக்கும் தெளிவு வரவில்லை, எழுதிய பிறகும் வரவில்லை. இதுதான் சரி என்று தெரிந்து எழுதினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மச்சான் பாரத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் வாத்தியார் இடத்தில் ரமணியின் பெயரை எழுதிக்கொண்டார். மூன்றாம் வகுப்பு படித்தவள். பிரேமாவதி கூட இருப்பாள், பயமில்லை.

இருளப்பன் என்னோடு பேச மாட்டேன் என்கிறான். அவன் இடத்தை நான் பிடுங்கிக்கொண்டேனாம்.

ஜூலை 12, திங்கள். சுங்கைப்பட்டாணி ஸ்டேஷன்

விடியற்காலையில் லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். ரமணி லயத்திலேயே நின்றுவிட்டாள், ரோட்டுக்கு வரவில்லை. வராதே என்று நான்தான் சொன்னேன். வந்திருக்கலாம்.

கூட்ஸ் வண்டி மத்தியானம்தானாம். தேறிய பள்ளிக்கூடங்களிலிருந்து வந்தவர்களைத் தனியாக ஒரு கொட்டகையில் உட்காரவைத்திருக்கிறார்கள். என்னைத் தவிரப் பத்துப் பேர். வேறு வாத்தியார் யாராவது இருப்பார், பேச்சுத் துணையாகும் என்று உள்ளே போனேன்.

பத்துப் பேரும் பிள்ளைகள்.

சிலேட்டும் துணி மூட்டையுமாக வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் சார் என்றார்கள். ஒருவனுக்குப் பதினொன்றுக்கு மேல் இருக்காது, பாரத்தில் பதின்மூன்று என்று எழுதியிருப்பார்கள். எல்லா வாத்தியார்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

அலி வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, நீங்களே வந்துட்டீங்களா அண்ணே என்று மட்டும் கேட்டார். பிறகு மெதுவாக ஒன்று சொன்னார்: இறங்குகிற இடத்தில் ஒவ்வொருவரையும் சோதிப்பார்களாம். தெரிந்தவன் அளவுக் கூட்டத்துக்கு, தெரியாதவன் மண் வெட்ட. எத்தனை நாள் பயணம் என்றேன். நாலோ ஐந்தோ என்றார்.

பிள்ளைகளிடம் திரும்பி, முக்கோணம் யாருக்கெல்லாம் தெரியும் என்றேன். மூன்று பேர் கை தூக்கினார்கள். செர்டாங் பக்கத்திலிருந்து வந்த பிச்சை என்ற பையன் கையைப் பாதி தூக்கிவிட்டு இறக்கினான். பக்கத்தில் போய்க் கேட்டேன்.

“கோணம் தெரியும்னு சொல்லு, மண்ணு வெட்டப் போட மாட்டாங்கன்னு எங்க வாத்தியார் சொன்னாரு. கோணம்னா என்ன சார்?”

வண்டி வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. எல்லோரையும் சிலேட்டை எடுக்கச் சொன்னேன், முதலில் மூன்று கோடு. பிச்சையின் கோடுகள் ஒன்றையொன்று தொடவே இல்லை. அவனிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.